கிளாரினெட்டுக்குள் ஒரு ஸ்பிரிங்

தெற்கே ஓர் ஊர். அங்கே ஓர் ஆயுதப்படை மைதானம். ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் யாராவது விளக்கம் கேட்டு எழுதுவார்கள்.

மைதானத்தின் மேற்கு ஓரத்தில், வாகை மரத்தை ஒட்டி ஆயுதக்கிடங்கு. அதற்குப் பொறுப்பு உதவி ஆய்வாளர் பியூலா ஜெபக்கனி. வயது முப்பத்து நான்கு. துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பதும், பழுதுபார்க்கச் சொல்லிக்கொடுப்பதும் அவர் வேலை. படையில் எல்லோரும் அவரை ‘ஆசான்’ என்றார்கள். பெண்ணுக்கு அந்தச் சொல் பொருந்துமா என்று யாரும் யோசிக்கவில்லை. அவரும் திருத்தவில்லை.

அவரிடம் தொழில் கற்றுக்கொண்டவர் பரமார்த்தலிங்கம். ஆசானைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆகவே சீடர் குருவை ‘ஆசானே’ என்பார்; குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்பார். இரண்டு பக்கமும் மரியாதை குறையவில்லை.

பரமார்த்தலிங்கம் முன்பு போலீஸ் பேண்டில் கிளாரினெட் வாசித்தவர். முன்பல் இரண்டு விழுந்ததும் ஊதுகிற காற்றில் பாதி பக்கவாட்டில் போனது. குடியரசு தின அணிவகுப்பில் அது கலெக்டர் காதுவரை போனது. அடுத்த மாதம் கிடங்குக்கு மாற்றினார்கள். வந்த நாளிலிருந்து அவருக்கு ஓயாத கேள்வி.

திங்கட்கிழமை காலை ஒரு கேள்வி கேட்டார்.

“ஆசானே, ரைபிளுக்கு எந்த ஸ்பிரிங் நல்ல ஸ்பிரிங்?”

பியூலா ஒரு குழலுக்குள் எண்ணெய்த் துணியைச் செருகிக்கொண்டிருந்தார்.

“யாருக்கு?”

“பொதுவாக் கேக்கேன்.”

“பொதுவா யாரும் சுடுறதில்லையே அண்ணாச்சி.”

“சரி, தோள் நோவு உள்ள ஒரு ஆளுக்குன்னு வச்சுக்கிடுங்க.”

“மதினிக்கா?”

பரமார்த்தலிங்கம் வாகை மரத்தைப் பார்த்தார்.

மதினி என்றது அவர் மனைவி உலகம்மாளை. அதே படையில் தலைமைக் காவலர். புருஷனைவிட ஒரு படி மேல். “படையில அவ ஏட்டு, வீட்டுல ஏட்டி” என்று, பெண்டாட்டியைக் கூப்பிடுகிற ஊர்ச்சொல்லைச் சேர்த்து, அவர் பல வருஷமாகச் சொல்லிவருகிறார். உலகம்மாள் அதற்கு ஒரே ஒரு தடவைதான் சிரித்தாள், அதுவும் கல்யாணமான புதிதில்.

உலகம்மாள் படையின் துப்பாக்கி சுடும் அணியில் இருந்தாள். வருகிற சனிக்கிழமை தேர்வு. தேறினால் மாநிலப் போட்டி. அவளுக்கு நாற்பத்தாறு வயது. போன வருஷம் இரண்டு புள்ளியில் வாய்ப்பு போனது. இந்த வருஷமும் போனால் அடுத்த வருஷம் புதுப் பிள்ளைகளைத்தான் எடுப்போம் என்று அணியின் இன்ஸ்பெக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சின்ன வயதிலிருந்தே அவள் ஆசைப்பட்டு வாங்கியது என்று ஒன்றும் இல்லை. நகைகூட மாமியார் போட்டதுதான். இந்த மாநிலப் போட்டி ஒன்று மட்டும் மிச்சம்.

பயிற்சியில் ரைபிள் உதைத்து உதைத்து அவளுடைய வலது தோள் இப்போது கன்றிப்போய்க் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது.

பரமார்த்தலிங்கத்துக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பொறுக்காத மனிதர் என்ன செய்தார் என்பதைச் சொல்லுமுன் ரைபிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

அது தானே குண்டேற்றிக்கொள்ளும் ரைபிள். ஒரு குண்டு வெடித்ததும் உள்ளே இருக்கிற போல்ட் என்ற இரும்புக் கட்டி பின்னுக்கு ஓடும். தோளில் சாய்க்கும் பின்கட்டைக்குள் ஸ்பிரிங் இருக்கிறது. அது போல்ட்டைத் தாங்கி, மறுபடி முன்னுக்குத் தள்ளும். போகிற போக்கில் போல்ட் அடுத்த குண்டை எடுத்துக்கொண்டு போய்க் குழலின் பின்பக்கத்தை அடைக்கும். ஸ்பிரிங் ஒன்றல்ல, இரண்டு. பெரியதற்குள் சிறியது.

போன வெள்ளிக்கிழமை ஆசான் கோர்ட்டில் சாட்சி சொல்லப் போயிருந்தார். கிடங்கில் பரமார்த்தலிங்கம் மட்டும். மனைவியின் ரைபிளை எடுத்தார். பின்கட்டையைத் திறந்தார். ஸ்பிரிங் முரடாக இருப்பதால்தான் இப்படி உதைக்கிறது என்பது அவர் எண்ணம். உள்ளே இருந்த சிறிய ஸ்பிரிங்கை உருவிவிட்டு மூடினார். போல்ட்டை இழுத்துப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி வந்தது.

உருவிய ஸ்பிரிங்கைக் கிடங்கில் வைத்தால் ஆசான் கண்ணில் படும். வீட்டுக்குக் கொண்டுபோனார். அலமாரி மேலே தூங்கிக்கொண்டிருந்த கிளாரினெட் குழலுக்குள் நீளவாக்கில் விட்டார். அதற்கென்றே செய்த மாதிரி அளவாகப் போய் உட்கார்ந்தது. பெண்டாட்டிக்குப் பெரிய உபகாரம் செய்த நிறைவோடு அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில் ரைபிள் முன்னைவிட அதிகமாக உதைத்தது. போதாக்குறைக்கு இரண்டு தடவை போல்ட் முழுக்க மூடாமல் பாதியில் நின்றது. உலகம்மாளின் குறி கலைந்தது.

பரமார்த்தலிங்கம் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார். ஒன்றை எடுத்த பிறகும் இவ்வளவு உதைக்கிறது என்றால் மிச்சம் இருக்கிற பெரிய ஸ்பிரிங் எவ்வளவு முரடாக இருக்கவேண்டும்! அதையும் மாற்றி, கிடங்கிலேயே மெத்தென்ற ஸ்பிரிங்காகப் பார்த்துப் போட்டுவிடவேண்டியதுதான்.

அதனால்தான் திங்கட்கிழமைக் கேள்வி.

“உள்ளதுலேயே மெத்துன்னு ஒரு ஸ்பிரிங் குடுங்க ஆசானே. உதையே தெரியக் கூடாது.”

பியூலா துணியை உருவி வெளிச்சத்தில் பார்த்தார்.

“புதன்கிழமை மெஸ்ஸுக்குக் காய்கறி லாரி வருது. இறக்க ஆள் கொறச்சலாம். நீங்க போய் நில்லுங்க.”

“நான் ஸ்பிரிங் கேட்டேன்.”

“நான் பூசணிக்காய் சொன்னேன்.”

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மறுநாள் சாயந்திரம் உலகம்மாள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். தோளில் வலிக்கு உரைத்துப் போட்ட மூசாம்பரப் பற்று. பரமார்த்தலிங்கம் கிண்ணத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

“வலிக்கா?”

“பின்ன, பூ விழுந்தாப்புலயா இருக்கும்? தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்.”

“அந்தத் துப்பாக்கிதான் மோசம். நான் ஆசான்கிட்ட...”

“துப்பாக்கி மேல பழி போடாதீங்க. பத்து வருஷமா அதே துப்பாக்கிதான். எனக்குத்தான் வயசாயிட்டு.”

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? ரெண்டு தடவ போல்ட் நின்னுட்டு. பிடி தளர்ந்தா அப்படி நிக்கும்னு இன்ஸ்பெக்டரு சொல்லுதாரு. என் பிடி தளர்ந்துட்டு.” அவள் தன் கையை விரித்துப் பார்த்தாள். வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல இருந்தது. “வெள்ளிக்கிழமை போயி என் பேரை எடுத்துருங்கன்னு சொல்லிரலாம்னு இருக்கேன். சனிக்கிழமை எல்லாரு முன்னாலயும் துப்பாக்கி நின்னு, நான் முழிச்சிக்கிட்டுக் கெடக்கதுக்கு இது மேல்.”

பரமார்த்தலிங்கம் வாயைத் திறந்தார். பல் இல்லாத இடத்தில் காற்று மட்டும் வந்தது.

“என்ன? மறுபடி மெத்தை தைக்கப் போறீங்களா?”

போன மாதம் அவர் அவளுடைய சீருடைச் சட்டையின் தோளுக்கு உள்ளே, அவளுக்குத் தெரியாமல், ஸ்பாஞ்சு வைத்துத் தைத்துவிட்டார். அணிவகுப்பில் ஒரு தோள் மட்டும் உயர்ந்து நின்றது. தூக்கத்தில் பிடரி பிசகிவிட்டதா என்று டி.எஸ்.பி. அக்கறையாக விசாரித்தார். அன்று வீட்டுக்கு வந்து அவள் ஸ்பாஞ்சைப் பிய்த்த வேகத்தில் சட்டையும் போனது.

“இல்ல ஏட்டி. மெத்தை இல்ல.”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு சரியில்லை.

“சரி, அந்தக் கிளாரினெட்டை எடுங்க. எதாவது வாசிங்க. கேட்டு எவ்வளவு நாளாச்சு!”

பரமார்த்தலிங்கம் அலமாரியைப் பார்த்தார்.

“பல்லு இல்லையே.”

“காத்து போனாப் போகுது. எனக்குத்தான வாசிக்கிய. கலெக்டருக்கா?”

“இன்னொரு நாள் வாசிக்கேன்.”

“இன்னைக்குத்தான் கேக்கணும்னு தோணுது.”

“தூசி அடைஞ்சு கெடக்கும்.”

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். உள்ளே தாளிக்கிற சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

புதன்கிழமை லாரி வந்தது. முழுக்க மஞ்சள் பூசணி. ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தை கனம். லாரி மேலிருந்து ஒருவன் வீசவேண்டும்; கீழே நிற்பவர் பிடித்துப் பக்கத்து ஆளுக்குக் கொடுக்கவேண்டும். கீழே பரமார்த்தலிங்கம் நின்றார். பியூலா ஒரு பொட்டலம் வறுத்த கடலையோடு சற்றுத் தள்ளிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“நோகாமப் பிடிங்க அண்ணாச்சி. கையை நல்லாத் தளர்த்திக்கிடுங்க.”

அவர் தளர்த்திக்கொண்டார். முதல் பூசணி வந்தது. கை சும்மா வழிவிட்டது. காய் நேரே வயிற்றில் போய் மோதியது. பரமார்த்தலிங்கம் ஒரு புது ஸ்வரம் போட்டார்.

“சரி, இப்ப வெறைப்பாப் பிடிங்க. வழியே விடாதீங்க.”

கையை இரும்பாக்கிக்கொண்டு நின்றார். அடுத்த பூசணி உள்ளங்கையில் அடித்து, துள்ளி, தரையில் விழுந்து மூன்றாகப் பிளந்தது.

மெஸ் சமையல்காரர் சுடலைமுத்து ஓடிவந்தார்.

“ஏன் ஆசானே, இது சாம்பாருக்கா வந்துச்சு, உங்க பரேடுக்கா வந்துச்சு?”

“ரெண்டுக்கும்தான்.”

“அப்ப சாம்பார்ல கல்லு கெடந்தா கிடங்குக் கணக்குல எழுதிக்கிடுங்க!”

அதற்குப் பிறகு பியூலா கடலையைத் தொலித்துத் தின்றார். லாரிக்காரனுக்கு நேரமாகிவிட்டது, வேகமாக வீச ஆரம்பித்தான். பரமார்த்தலிங்கத்துக்கு யோசிக்க இடமில்லை. பேண்டில் நின்ற உடம்பு தானாகத் தாளம் பிடித்தது. காய் வரும், கை அதோடு கூடவே இறங்கும், இடுப்புப் பக்கம் திரும்பும், பக்கத்து ஆளிடம் போகும், கை மறுபடி மேலே வந்து நிற்கும். அது வந்து நிற்கிற ஒவ்வொரு தடவையும் அடுத்த காய் காற்றில் இருந்தது.

லாரி காலியானது. அவர் படிக்கட்டில் உட்கார்ந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பியூலா கடலைப் பொட்டலத்தை நீட்டினார்.

“எந்தக் காய் நொந்துச்சு அண்ணாச்சி?”

“மொதக் காய்.”

“கை மெத்துன்னு இருந்துச்சே, அந்தக் காயா?”

“ஆமா.”

“எந்தக் காய் ஒடஞ்சுது?”

அவர் தரையில் கிடந்த மூன்று துண்டுகளைப் பார்த்தார்.

“எந்தக் காய் ஞாபகத்துலயே இல்ல?”

“மிச்சம் அம்புட்டும்.”

பியூலா தொலியைத் தட்டிவிட்டுக் கிடங்குப் பக்கம் நடந்தார்.

பரமார்த்தலிங்கம் கடலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, யாரிடமும் சொல்லாமல், மொபெட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அவர் திரும்பி வந்தபோது உலகம்மாளின் ரைபிள் கிடங்கு மேஜைமேல் இருந்தது. அவர் கையில் கிளாரினெட் பெட்டி இருந்தது.

“கச்சேரியா?” என்றார் பியூலா.

“இல்ல ஆசானே.”

“மொதல்ல இங்க வாங்க.”

பியூலா ரைபிளில் குண்டு இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டார். அதன் வாயைக் கூரையைப் பார்க்க உயர்த்தினார். போல்ட்டைக் கடைசிவரை பின்னுக்கு இழுத்து, கையை எடுக்காமல், மெல்ல மெல்ல முன்னுக்கு விட்டார். அது ஏறியது. பாதி தாண்டியது. போய்ச்சேர ஒரு விரற்கடை இருக்கும்போது நின்றுவிட்டது.

“கேட்டுச்சா?”

“கேக்கல.”

“என்ன கேக்கல?”

“மூடுற சத்தம்.”

“ஞாயித்துக்கிழமையும் ரெண்டு தடவ கேக்கல. நான் மைதானத்துக்கு இந்தப் பக்கம் நின்னேன். எனக்கே தெரிஞ்சுது. அன்னைக்கே இந்த ரைபிளைத் தனியா எடுத்து வச்சுட்டேன்.” போல்ட்டை விரலால் தொட்டார். “உங்களுக்குக் கேட்டிருக்கணுமே. பேண்டுக்காரர் காதாச்சே.”

“நான் அவ தோளைப் பாத்துக்கிட்டு நின்னேன் ஆசானே.”

பரமார்த்தலிங்கம் பெட்டியைத் திறந்தார். கிளாரினெட்டை எடுத்துச் சரித்தார். உள்ளிருந்து ஸ்பிரிங் வழுக்கி வந்து மேஜைமேல் விழுந்து உருண்டது. அந்தக் குழலிலிருந்து வெகுகாலத்துக்குப் பிறகு வந்த சத்தம் அது.

பியூலா அதை எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

“எச்சி பட்டுச்சா?”

“இல்ல.”

“துரு மட்டும் ஏறியிருந்துச்சுன்னா, உங்களை அந்த வாகை மரத்துலயே கட்டி வச்சிருப்பேன்.”

“தெரிஞ்சும் ஏன் கேக்கல ஆசானே?”

“நீங்க எந்த ஸ்பிரிங் நல்லதுன்னுதான கேட்டிய. எந்த ஸ்பிரிங் காணோம்னு கேக்கலையே.”

பரமார்த்தலிங்கம் தலையைச் சொறிந்தார். வெட்கம் போவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. அது அவர் சுபாவம்.

“எதுக்கு ஆசானே ரெண்டு? தடியா ஒண்ணு போட்டா ஆகாதா?”

பியூலா தகர டப்பாவில் துழாவி வேறொரு சிறிய ஸ்பிரிங்கை எடுத்துக் கொடுத்தார். பார்வைக்கு அதே பருமன், அதே நீளம்.

“இதைப் பெரிசுக்குள்ள விட்டு அமுக்குங்க.”

அவர் விட்டார். அமுக்கினார். பாதியில் இரண்டும் கவ்விக்கொண்டன. ஒன்றின் இடுக்கில் மற்றொன்றின் சுற்று மாட்டிக்கொண்டது. இழுத்தார். வரவில்லை. திருகினார். இன்னும் இறுகியது. பல்லைக் கடித்துப் பிரித்து எடுப்பதற்குள் விரலில் ரத்தம் கட்டியது.

“இப்ப உங்க கிளாரினெட் ஸ்பிரிங்கை விடுங்க.”

அது உள்ளே போனது. அமுக்கினார், இரண்டும் சேர்ந்து அமுங்கின. விட்டார், இரண்டும் சேர்ந்து எழுந்தன. எங்கும் மாட்டவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பெரியது வலமாகச் சுற்றி ஏறியிருந்தது. சிறியது இடமாகச் சுற்றி ஏறியிருந்தது.

“ரெண்டும் எதிரும் புதிருமால்ல சுத்திப் போகுது!”

“ஆமா.”

“எங்க வீடு மாதிரி.”

“உங்க வீட்டுல யாரு வலம்?”

“அதை ஏட்டம்மால்ல சொல்லணும்.”

பியூலா சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம். சிரித்தால் வாகை மரத்துக் காக்கைகள் எழுந்துவிடும்.

ஸ்பிரிங்குகளைப் பரமார்த்தலிங்கமே பின்கட்டைக்குள் ஏற்றினார். ரைபிளின் வாயை உயர்த்திப் பிடித்து, போல்ட்டை இழுத்து, மெல்ல விட்டார். ஏறியது. பாதி தாண்டியது. கடைசி விரற்கடையில் யாரும் தள்ளாமல், தானே போய் உட்கார்ந்தது. கனமான ஒரு ‘டக்’.

“ஆசானே, ஒரு உதவி.”

“சொல்லுங்க.”

“ஸ்பிரிங் தேஞ்சுபோயிருந்துச்சு, மாத்தியாச்சுன்னு நீங்களே அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. நீங்க சொன்னா நம்புவா. அவளும் பேரை எடுக்க மாட்டா. யாருக்கும் மனசு நோகாது.”

பியூலா எண்ணெய்த் துணியை மடித்தார்.

“சொல்லலாம். ரைபிள் மட்டும் சரியாயிரும்.”

பரமார்த்தலிங்கம் கிளாரினெட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

மறுநாள் காலை உலகம்மாள் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார். நின்றபடி, ஒரே மூச்சில், இன்ஸ்பெக்டரிடம் அறிக்கை கொடுப்பதுபோல் சொன்னார். வெள்ளிக்கிழமையில் ஆரம்பித்துப் பூசணிக்காய் வரைக்கும்.

அவள் கயிறு கட்டுவதை நிறுத்தவில்லை.

“எங்க வச்சிருந்தீங்க?”

“கிளாரினெட்டுக்குள்ள.”

கயிறு நின்றது.

“அதான் அன்னைக்கு வாசிக்க மாட்டேன்னீங்களா?”

“ஆமா.”

“பல்லுன்னு சொன்னீங்க.”

“பல்லும்தான்.”

அவள் நிமிர்ந்தாள்.

“இத்தனை நாளா நான் கெழவியாயிட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன். என் கைதான் போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன். நீங்க பக்கத்துல நின்னு பத்துப் போட்டுக்கிட்டு இருக்கீங்க.”

“ஒனக்கு வலிக்கக் கூடாதுன்னு...”

“வலி எனக்கு இருக்கட்டும். அது என் வலி. என் கை நல்லாத்தான் இருக்குங்கிறதை எங்கிட்ட இருந்து எடுத்துட்டீங்களே.”

அவளுடைய பையை எப்போதும் பரமார்த்தலிங்கம்தான் தூக்குவார். அன்று அவளே தூக்கிக்கொண்டு போனாள்.

அன்றும் மறுநாளும் வீட்டில் பேச்சில்லை. சோறு வந்தது, குழம்பு வந்தது. ‘போதுமா’ என்ற கேள்வி மட்டும் வரவில்லை. பரமார்த்தலிங்கம் மூன்றாவது தடவை கேட்டுவாங்காமல் எழுந்தார். ஆனால் வெள்ளிக்கிழமை அவள் இன்ஸ்பெக்டரிடம் போகவில்லை. கிடங்குக்குப் போனாள். தன் ரைபிளை வாங்கி, வாயை உயர்த்திப் பிடித்து, போல்ட்டை மெல்ல விட்டுப் பார்த்தாள். அது போய் உட்கார்ந்த சத்தத்தைக் கேட்டாள். திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

சனிக்கிழமை வாசலில் வந்து பையை அவரிடம் நீட்டினாள்.

“பையை மட்டும் பிடிங்க. வேற எதையும் பிடிக்காதீங்க.”

தேர்வின் கடைசிச் சுற்று வேகச் சுற்று. விசில் அடித்ததும் மேகசினில் இருக்கிற குண்டு எல்லாவற்றையும் நேரத்துக்குள் சுட்டுமுடிக்கவேண்டும். துப்பாக்கி நடுவில் நின்றுபோனால் நின்றதுதான். மறு வாய்ப்பு கிடையாது.

உலகம்மாள் மண்ணில் படுத்தாள். கன்றிய தோளில் பின்கட்டையை அழுத்திப் பதித்தாள். பரமார்த்தலிங்கம் கயிற்றுக்கு வெளியே பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். விசில் அடித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். இந்தத் தடவை தோளைப் பார்க்கவில்லை. கேட்டார்.

வெடிச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அதன் வாலில் வருகிற சின்ன இரும்புச் சத்தம் அவருக்குக் கேட்டது. போய் உட்கார்ந்தது. மறுபடி போய் உட்கார்ந்தது. மறுபடியும். தாளம் எங்கும் முறியவில்லை. கடைசிக் குண்டுக்குப் பிறகு அமைதி வந்தபோதுதான் மூச்சு விட்டார். எத்தனை குண்டு குறியில் பட்டது என்று அவருக்குத் தெரியாது.

சாயந்திரம் முடிவு சொன்னார்கள். மாநிலப் போட்டிக்குப் போகிற அணியில் எட்டுப் பேர். எட்டாவது பெயர் உலகம்மாள். ஒரு புள்ளி வித்தியாசம். இன்ஸ்பெக்டர் கைகொடுத்து, “பிடி தேறிட்டே ஏட்டம்மா” என்றார். அவள் புருஷனைப் பார்க்காமல், “ஆமா சார், தேறிட்டு” என்றாள்.

மரத்தடியில் உட்கார்ந்து சட்டைக் கழுத்தை விலக்கிப் பார்த்தாள். பழைய நீலத்தின் மேல் புது நீலம் ஏறியிருந்தது.

“வலிக்கா?” என்றார் பரமார்த்தலிங்கம்.

“வலிக்கி.”

அவர் கை மூசாம்பரத்துக்கோ ஸ்பாஞ்சுக்கோ நீளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் தன் நல்ல தோளை அவர்மேல் சாய்த்துக்கொண்டாள்.

“இன்னைக்கு வாசிக்கணும்.”

“எச்சி தெறிக்கும்.”

“தள்ளி உக்காந்து கேக்கேன்.”

அன்று அவர் வாசித்தார். அணிவகுப்பு மெட்டு ஒன்று பாதி சுதியிலும் பாதி காற்றிலும் வந்தது. பக்கத்து வீட்டில் குக்கரை அணைக்கச் சொல்லி யாரோ குரல் கொடுத்தார்கள். உலகம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

திங்கட்கிழமை அவளுடைய ரைபிள் சுத்தம் செய்ய வந்தது. பரமார்த்தலிங்கம் பின்கட்டையைத் திறந்து இரண்டு ஸ்பிரிங்குகளையும் வெள்ளைத் துணிமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆசானே.”

“ம்.”

“சுடுறப்ப அடி விழுதுல்ல. அதை வாங்குறது இதுல எது? பெரிசா, சிறுசா?”

பியூலா சிறியதை எடுத்துத் துடைத்தார். பெரியதை எடுத்துத் துடைத்தார். ஒன்றுக்குள் ஒன்றை விட்டு அவர் கையில் கொடுத்தார்.

“இதுங்க ரெண்டும் ஒருநாளும் அதைக் கேட்டுக்கிட்டதில்ல அண்ணாச்சி.”